மறுரூப மலையிலேர்ந்து கீழ இறங்குனதுக்கு அப்புறம்?

பாயான்_பாரு_தங்கச்சி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், மொத தடவையா எழுதறேன். நான் பினாங்குல ஒரு தமிழ் சபைக்குப் போறவ, வயசு 26, பாயான் லெப்பாஸ்ல எலக்ட்ரானிக்ஸ் பேக்டரில ஷிப்ட் வேல. போன மாசம் எங்க வாலிபர் கேம்ப் கேமரன் மலைல நடந்துச்சு, மூணு நாளு. ரெண்டாவது நாள் ராத்திரி ஆராதனைல எனக்கு என்ன ஆச்சுன்னு இன்னமும் சரியா சொல்லத் தெரியல. யாரும் தலைல கை வெச்சு ஜெபிக்கல, மியூசிக்கூட நின்னுருச்சு, வெளிய மழ சத்தம் மட்டும்தான், ஆனா ஆண்டவரு இந்த ரூம்ல இருக்காருன்னு அவ்ளோ தெளிவா தெரிஞ்சுச்சு, அப்படியே தரையில உக்காந்து அழுதேன், துக்கத்துல இல்ல. ராத்திரி பூரா தூங்கவே தோணல. ஊருக்குத் திரும்பாம இங்கயே இருந்துட்டா என்னன்னுதான் மனசுல ஓடுச்சு.

ஞாயித்துக்கிழம ராத்திரி வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு கிட்னி போய் ரெண்டு வருஷமாச்சு, வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், திங்கக்கிழம விடியகாலைல நாந்தான் கூட்டிட்டுப் போகணும், அப்புறம் வேலைக்கு ஓடணும், அம்மா இல்ல. புதன்கிழம அப்பா அளவுக்கு மேல தண்ணி குடிச்சு வெயிட் ஏறிப் போச்சு, நர்ஸ் என்னைய கேக்குறாங்க. வீட்டுக்கு வந்து அப்பாவ அப்படிக் கத்திட்டேன், அவரு ஒண்ணும் சொல்லல, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. மலைலேர்ந்து இறங்கி மூணே நாள்தான். அன்னிலேர்ந்து ஜெபிக்க உக்காந்தா கேமரன்ல இருந்தது ஒண்ணும் இல்ல, சும்மா சுவத்தப் பாத்துப் பேசற மாதிரி இருக்கு.

அடுத்த வெள்ளி செல் குரூப்ல (சபையோட சின்ன ஜெபக் குழு) நான் மத்தேயு 17, மறுரூபம் பகுதிய ஷேர் பண்ணணும், இயேசு பேதுரு, யாக்கோபு, யோவான் மூணு பேரையும் மலைக்குக் கூட்டிட்டுப் போயி அவங்க முன்னால முகம் சூரியன் மாதிரி பிரகாசிச்சு, மோசேயும் எலியாவும் வந்து அவரோட பேசுன பகுதி, அத படிக்கப் படிக்கத்தான் இந்தக் கேள்வி. நான் பாத்தது நெசமா, இல்ல வெறும் உணர்ச்சியா? நெசமா இருந்தா நான் ஏன் மாறல? இன்னொண்ணு, பேதுரு அந்த மலைலயே இயேசுவுக்கும் மோசேக்கும் எலியாவுக்கும் மூணு கூடாரம் போடலாம்னு சொன்னத எல்லா பிரசங்கத்துலயும் தப்புன்னே சொல்றாங்க, எனக்கு அப்படித் தெரியல, நானும் அதத்தான் சொல்லிருப்பேன்.

*

பட்டர்வொர்த்_அங்கிள் எழுதியது:

ஸ்தோத்திரம்மா. மொதல்ல ஒண்ணு, அப்பாவ பாத்துக்கற புள்ள நீ, விடியகாலைல எழுந்து கூட்டிட்டுப் போற, அதையும் சேத்துத்தான் ஆண்டவரு பாக்குறாரு, புதன்கிழம கத்துனத மட்டும் இல்ல.

நீ மத்தேயு 17ஓட லூக்கா 9ஆம் அதிகாரத்தையும் கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல படிச்சுப் பாரு. பிரசங்கத்துல 36ஆம் வசனத்தோட நிப்பாட்டிருவாங்க, மலைக்கு மேல போனவங்க கீழ வந்து என்ன பண்ணாங்கன்னு அதே அதிகாரத்துல இருக்கு. 46ஆம் வசனம், தங்களுக்குள்ள யாரு பெரியவன்னு வாக்குவாதம். 54ஆம் வசனம், சமாரியா கிராமத்துல இடம் குடுக்கலன்னு யாக்கோபும் யோவானும் என்ன கேக்குறாங்க, எலியா செஞ்ச மாதிரி வானத்துலேர்ந்து நெருப்ப எறக்கி இவங்கள அழிச்சிரட்டுமான்னு! எலியாவ இவங்க நேருக்கு நேரா பாத்துட்டு வந்து எத்தன நாள் ஆச்சு? மலைல நின்ன எலியா என்ன பேசிக்கிட்டு இருந்தாரு? இயேசு எருசலேம்ல சாகப் போறதப் பத்தி. இவங்க காதுல அது ஏறல, பழைய நெருப்பு மட்டும் ஞாபகத்துல நின்னுருச்சு. பேதுருவ சொல்லவே வேணாம், இயேசுவையே மூணு தடவ தெரியாதுன்னுட்டாரு. அதனால அவங்க மலைல பாத்தது பொய்யா? நீ கத்துனதுனால கேமரன்ல நடந்தது பொய்யாயிராதும்மா.

மாறறது வேற கணக்கு. நம்ம பழைய தமிழ் பைபிள்ல இயேசு ‘மறுரூபமானார்’னு இருக்கு பாரு, அதே வார்த்தைதான் ரோமர் 12:2ல ‘மறுரூபமாகுங்கள்’, 2 கொரிந்தியர் 3:18ல ‘மறுரூபப்படுகிறோம்’. கிரேக்கத்துலயும் ஒரே வினைச்சொல்தான். அவருக்கு மலைல ஒரு நொடில வெளிச்சமா வெளிய வந்துச்சு, ஏன்னா உள்ள இருந்தது அதுதான். நமக்கு மகிமையின்மேல் மகிமைன்னு படிப்படியா. மோசே சீனாய் மலைலேர்ந்து இறங்குறப்ப தன்னோட முகம் பிரகாசிக்கறது அவருக்கே தெரியல, யாத்திராகமம் 34:29. உங்கப்பா முகத்த பாத்துத்தான் உனக்கு ஒரு நாள் தெரியும், கண்ணாடியப் பாத்து இல்ல.

கூடாரத்துக்கு வரேன். பேதுரு தப்பான மனசோட சொல்லல, நீ சொல்றது சரி. ஆனா எப்ப சொல்றாருன்னு கவனி, மோசேயும் எலியாவும் பிரிஞ்சு போறப்ப, லூக்கா 9:33. போறவங்கள நிப்பாட்டப் பாக்குறாரு. மோசேய நெனச்சுப் பாரு, வாக்குத்தத்த தேசத்தத் தூரத்துலேர்ந்து பாத்துட்டு உள்ள கால் வைக்காமயே செத்தவரு, இப்ப அந்த தேசத்து மலைல நிக்குறாரு, நின்னு பேசறது தேசத்தப் பத்தி இல்ல, சிலுவையப் பத்தி. நம்ம பைபிள்ல ‘மரணத்தைக்குறித்து’ன்னு போட்டுருக்காங்க, லூக்கா கிரேக்கத்துல எழுதுனது எக்ஸொதொஸ், ‘புறப்பாடு’, எகிப்துலேர்ந்து ஜனங்க புறப்பட்ட அதே பேரு. அந்த மலையே புறப்படறதுக்கான எடம், தங்கறதுக்கான எடம் இல்ல.

பின்குறிப்பா ஒண்ணு, செல் குரூப்ல யாராவது எந்த மலைன்னு கேப்பாங்க. சுவிசேஷத்துல பேரு இல்ல. பழைய பாரம்பரியம் தாபோர்னு சொல்லுது, அது 575 மீட்டர்தான், நம்ம பினாங்கு ஹில் 833, அதவிட சின்னது. சில பேரு எர்மோன்னு சொல்றாங்க, 2,814 மீட்டர், ஏன்னா அதுக்கு முந்தி அவங்க செசரியா பிலிப்புப் பக்கம் இருந்தாங்க, அது எர்மோன் அடிவாரம். எனக்கு எர்மோன்னுதான் தோணுது. இதுல ரொம்ப நேரத்த விட்டுறாத.

*

கேஎல்_பிரதர் எழுதியது:

சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க, நான் நேரடியா சொல்றேன். இந்த கேம்ப் அனுபவத்த வெச்சு வாழ ஆரம்பிச்சா வருஷா வருஷம் கேம்ப்புக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கணும், நான் இருவது வயசுல அப்படித்தான் ஓடுனேன், பந்திங்ல ஒண்ணு, கெந்திங்ல ஒண்ணு, திரும்பி வந்து ஒரு மாசத்துல காலி. பேதுருவே 2 பேதுரு 1:19ல என்ன சொல்றாரு, அதிக உறுதியான தீர்க்கதரிசன வசனம் நமக்கு இருக்குன்னு. பிதா மலைல சொன்னதும் ‘இவருக்குச் செவிகொடுங்கள்’தான், பாத்துக்கிட்டே இருங்கன்னு சொல்லல. தினமும் வசனத்த படிங்க, உணர்ச்சி வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்.

*

ஒன்பதுல_ஒருத்தன் எழுதியது:

நான் கோலாலம்பூர் செந்தூல்காரன். பேர பாத்தாலே தெரியும் என்ன சொல்ல வரேன்னு.

எனக்கு 41 வயசாச்சு, பொறந்ததுலேர்ந்து சபைலதான் இருக்கேன், சண்டே ஸ்கூல் டீச்சர், அந்த மாதிரி ஒரு ராத்திரி எனக்கு ஒரு தடவகூட வந்தது கெடையாது. பக்கத்துல நிக்கறவங்க அழுவாங்க, நான் நிப்பேன். ரொம்ப வருஷம் அது பெரிய வேதன, என்கிட்ட ஏதோ கோளாறுன்னே நெனச்சேன். ஒரு நாள் இந்தப் பகுதிய படிக்கறப்ப திடீர்னு எண்ணிப் பாத்தேன், பன்னெண்டு சிஷ்யர்ல மேல போனது மூணு பேரு, கீழ விட்டது ஒன்பது பேரு. அந்த ஒன்பதுல அந்திரேயா இருக்காரு! பேதுருவ இயேசுகிட்ட மொதல்ல கூட்டிட்டு வந்ததே அவருதான், யோவான் 1ல இருக்கு, அண்ணன் தம்பி ரெண்டு ஜோடில யாக்கோபு யோவான் ரெண்டு பேரும் மேல போறாங்க, பேதுரு போறாரு, அந்திரேயா கீழ. அதோட மலைலேர்ந்து இறங்குறப்ப, மரிச்சு எழுந்திருக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கட்டள வேற. அப்ப அன்னிக்கு ராத்திரி பேதுரு பக்கத்துல படுத்திருந்த அந்திரேயாகிட்டகூட சொல்ல முடியாது.

ஒன்பது பேரையும் அவரு தள்ளி வைக்கல, சிஷ்யன் இல்லன்னு சொல்லல. அப்பம் பிட்டப்ப எல்லாரும் இருந்தாங்க, கால் கழுவுனப்ப எல்லாரோட காலும். இதப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் ஓடிக்கிட்டு இருக்கேன். உங்க செல்லயும் ஒன்பது ரகம் ஆளுங்க கண்டிப்பா இருப்பாங்க சிஸ்டர், வாய தொறந்து சொல்ல மாட்டாங்க. கேமரன்ல நடந்தத சொல்றப்ப அவங்க முகத்தையும் கொஞ்சம் பாத்து சொல்லுங்க.

*

புக்கிட்_மெர்தாஜாம்_கத்தோலிக் எழுதியது:

நான் கத்தோலிக்கன், எங்க பைபிள்ல ‘தோற்றம் மாறினார்’னு இருக்கும். இந்தப் பகுதி எங்களுக்கு வருஷத்துல ரெண்டு தடவ வரும், ஆகஸ்ட் 6 திருவிழா ஒண்ணு, அப்புறம் ஈஸ்டருக்கு முந்தி வர்ற ஒவ்வொரு தவக்காலத்துலயும் ரெண்டாவது ஞாயிறு. சின்ன வயசுல எனக்கு ஒரே கொழப்பம், தவக்காலத்துல எதுக்கு இவ்ளோ வெளிச்சமான வாசகம்னு. சிலுவைப் பாடுகளுக்கு முன்னால வேணும்னேதான் வெச்சிருக்காங்க. அதே மூணு பேரத்தான், அவரப் புடிச்ச ராத்திரி, கெத்சமனி தோட்டத்துக்கும் உள்ள கூட்டிட்டுப் போறாரு, அங்கயும் தூங்கிடுறாங்க. ரெண்டு எடத்துலயும் அவரு ஜெபம் பண்றாரு, ஒரு எடத்துல முகம் சூரியன் மாதிரி, இன்னொரு எடத்துல முகங்குப்புற தரையில. அந்த மொத முகத்த பாத்தவங்கதான் ரெண்டாவத தாங்க முடியும்னு அவரு நெனச்சிருக்கலாம்.

ஜூலைல புனித அன்னாள் திருவிழாவுக்கு எங்க ஊருக்கு எங்கேர்ந்தெல்லாமோ ஜனங்க வருவாங்க, மெழுகுவர்த்தி பவனி பாத்தா கண்ணு நெறஞ்சிரும். மறுநாள் காலைல போனா ரோட்டுல மெழுகு மட்டும் கெடக்கும். நான் அத சொரண்டற குழுல பதினஞ்சு வருஷமா இருக்கேன், அதுவும் எனக்கு திருவிழாதான்.

*

பாயான்_பாரு_தங்கச்சி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல படிச்சேன், அந்திரேயா எடத்துல கண்ணு கலங்கிருச்சு, எங்க செல்ல அப்படி ஒரு அக்கா இருக்காங்க, கேம்ப் கதைய நாங்க சொல்றப்பல்லாம் எழுந்து டீ போடப் போயிருவாங்க, இப்பதான் புரியுது.

இன்னொரு சந்தேகம். 14ஆம் வசனத்துலேர்ந்து, மலைலேர்ந்து இறங்குனதும், சிஷ்யர்களால முடியாம இயேசு சொகமாக்குற அந்த வலிப்பு நோவு பையன் கத வருது, அதையும் சேத்து எடுக்கவா, இல்ல மலையோட நிறுத்திறவா? அந்தப் பகுதிய எப்படி எடுக்கறதுன்னு தெரியல, பயமா இருக்கு.

*

ஜெலுத்தோங்_அம்மா எழுதியது:

சேத்து எடும்மா. தயவுசெஞ்சு சேத்து எடு, ஆனா பாத்து எடு. நான் ஏன் சொல்றேன்னா என் மகனுக்கு வலிப்பு நோவு. இப்ப 17 வயசு, நாலு வயசுல ஆரம்பிச்சுச்சு. பழைய பைபிள்ல ‘சந்திரரோகி’ன்னு இருக்கும், அந்தப் பகுதி வாசிக்கறப்பல்லாம் சபைல பாதிப் பேரு திரும்பி என்னைத்தான் பாப்பாங்க.

அவனுக்கு ஏழு வயசு இருக்கறப்ப ஒரு ஜெபக் கூட்டத்துல ஒருத்தரு இது பிசாசு, மாத்திரை குடுக்கறது அவிசுவாசம், நிப்பாட்டுன்னு சொன்னாரு. நான் நிப்பாட்டிட்டேன். எனக்கும் அவன் சொகமாகணும்னு அவ்ளோ ஆச. நாலாவது நாள் ராத்திரி வந்த வலிப்பு நிக்கவே இல்ல, ஆம்புலன்ஸ் கூப்புட்டு ஐசியூல வெச்சோம். டாக்டரு என்னைய திட்டல, மாத்திரைய திடீர்னு நிப்பாட்டுனா இப்படித்தான் ஆகும்மான்னு மட்டும் மெதுவா சொன்னாரு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் சபைக்கே போகல.

திரும்பி வந்ததுக்கு இந்தப் பகுதிதான் காரணம், மாற்கு 9. அதுல நான் மொத தடவையா ஒண்ணு கவனிச்சேன். கீழ சிஷ்யர்களும் வேதபாரகரும் தர்க்கம் பண்ணிக்கிட்டு இருக்காங்க, பையன் அப்படியே கெடக்கான், அப்பன் நிக்குறான். இயேசு வந்து அப்பன்கிட்ட என்ன கேக்குறாரு தெரியுமா? இது இவனுக்கு எவ்ளோ காலமா இருக்குன்னு. எனக்கு அந்த எடத்துல அப்படியே உள்ள ஒடஞ்சிருச்சு. அத்தன வருஷத்துல சபைல ஒருத்தரும் என்னைய அந்தக் கேள்வி கேட்டதில்ல! டாக்டருங்க கேட்டாங்க, ஆண்டவரு கேட்டாரு. அதுக்கு அந்த அப்பன் சின்ன வயசுலேர்ந்துன்னு ஆரம்பிச்சு, தீயில விழறான் தண்ணில விழறான்னு எல்லாத்தையும் கொட்டுறான், கடைசில உம்மால ஏதாச்சும் முடிஞ்சான்னு கேட்டுடறான். அப்புறம் விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசத்துக்கு உதவி செய்யும்னு கண்ணீரோட கத்துறான். அவன அவரு தள்ளல. திட்டு வாங்குனது யாரு, மேல போகாம கீழ இருந்துட்டு தர்க்கம் பண்ணவங்க.

இன்னும் ஒண்ணு. ரெண்டு பேருமே ஒரே பிள்ள. மேல பிதா இவர் என் நேசகுமாரன்னு சொல்றாரு, கீழ ஒரு அப்பன் எனக்கு இவன் ஒரே பிள்ளன்னு சொல்றான், லூக்கா 9:38. மேல கேட்ட சத்தம் இன்னும் அவரு காதுல இருக்கறப்பதான் இந்தச் சத்தத்தையும் கேக்குறாரு. சொகமாக்கி அவன அப்பன்கிட்டயே திருப்பிக் குடுத்தாருன்னு லூக்கா எழுதுறாரு. என் மகன் இன்னும் மாத்திரைலதான் இருக்கான், போன வருஷம் ஒரே தடவதான் வந்துச்சு, ஒவ்வொரு நாள் காலைலயும் அவன் எழுந்து காப்பி கேக்கறப்ப எனக்கு அந்த வசனம்தான். திருப்பிக் குடுத்தாரு.

அதனால செல்ல சொல்றப்ப வலிப்பு வந்தாலே பிசாசுன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிறாத. கேக்கறவங்க வீட்டுல யாருக்கு இருக்கும்னு தெரியாது. முடிஞ்சா இதையும் சொல்லு, யாருக்காச்சும் கண்ணு முன்னால வலிப்பு வந்தா ஒருக்களிச்சு படுக்க வை, வாய்ல ஸ்பூன் அது இதுன்னு எதையும் திணிக்காத, கை கால அழுத்திப் புடிக்காத, அஞ்சு நிமிஷம் தாண்டுனா 999.

அப்புறம் உங்கப்பாவுக்கு. எங்க மாமாவும் டயாலிசிஸ்ல இருந்தவரு. தாகம்தான் அவங்களுக்குப் பெரிய கொடும, நமக்குப் புரியாது. டாக்டரு குடுத்த அளவுலேர்ந்து கொஞ்சம் எடுத்து சின்னச் சின்ன ஐஸ் கட்டியா போட்டு வை, வாய்ல வெச்சா ரொம்ப நேரம் தாங்கும்.

*

பட்டர்வொர்த்_அங்கிள் எழுதியது:

ஜெலுத்தோங் சிஸ்டர், நான் சபை மூப்பனா இருந்த காலத்துல இந்தக் கேள்விய நானும் யார்கிட்டயும் கேட்டதில்ல. எவ்ளோ காலமா இருக்குன்னு. மன்னிச்சுக்கோங்க, உங்க சபை நான் இல்லாட்டியும்.

கேஎல் பிரதருக்கு ஒண்ணு. 2 பேதுரு நீங்க சொன்னது சரிதான், ஆனா 19க்கு முன்னால 16லேர்ந்து 18 வரைக்கும் பேதுரு அந்த மலையத்தான் பேசறாரு, அவருடைய மகத்துவத்த கண்ணாரக் கண்டோம், பரிசுத்த பருவதத்துல அந்தச் சத்தத்தக் கேட்டோம்னு. வயசாகி, சாகப் போறோம்னு தெரிஞ்சு எழுதுற லெட்டர்ல. அத்தன வருஷம் கழிச்சும் அவர் அத மறக்கல, உணர்ச்சின்னு தூக்கிப் போடவும் இல்ல. அதுக்கும் கொஞ்சம் மேல 13, 14 பாருங்க, தன் ஒடம்ப என்னன்னு சொல்றாரு? கூடாரம்! என் கூடாரத்தவிட்டுப் போற நேரம் கிட்ட வந்துருச்சுன்னு. 15ல தான் செத்துப் போறதுக்குப் போட்ட வார்த்த, லூக்கா மலைல போட்ட அதே எக்ஸொதொஸ். அன்னிக்கு மூணு கூடாரம் போட்டு அவங்கள புடிச்சு வெக்கப் பாத்த அதே மனுஷன், இன்னிக்கு தன்னோட கூடாரத்த அவுத்துட்டுக் கெளம்பறேன்னு எழுதுறாரு. நடுவுல எத்தன வருஷம், எத்தன கண்ணீரு. தங்கச்சி, நீ ஏன் மாறலன்னு கேட்டேல்ல, உனக்கு கேமரன் முடிஞ்சு ஒரு மாசம்தான்மா ஆவுது.

*

கேஎல்_பிரதர் எழுதியது:

அங்கிள், கூடாரத்த நான் இத்தன வருஷமா கவனிச்சதே இல்ல. நன்றி. தங்கச்சி, நான் கொஞ்சம் கடுமையா சொல்லிட்டேன், அந்த ராத்திரிய தூக்கிப் போட்றாதீங்க.

*

பாயான்_பாரு_தங்கச்சி எழுதியது:

இப்ப டயாலிசிஸ் சென்டர்லேர்ந்துதான் எழுதறேன், அப்பா உள்ள இருக்காரு, நாலு மணி நேரம். நேத்து ராத்திரி ஐஸ் ட்ரே வாங்கி அளந்து ஊத்தி வெச்சேன். காலைல அப்பா ஒண்ண வாய்ல போட்டுக்கிட்டு கண்ண மூடிக்கிட்டாரு, என்னப்பான்னு கேட்டேன், ஒண்ணுமில்ல நல்லாருக்குன்னாரு. அப்பத்தான் மன்னிச்சிருங்கப்பான்னு சொன்னேன். ரெண்டு வருஷமா கூட்டிட்டு வரேன், தாகம் எப்படி இருக்கும்னு அவர்கிட்ட ஒரு தடவகூட கேட்டதில்ல. வர்ற வழியில கார்ல கேட்டேன். ஜெலுத்தோங்லேர்ந்து சென்டர் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாரு.

வெள்ளிக்கிழம 1லேர்ந்து 20 வரைக்கும் முழுசா எடுக்கறேன், மாற்கையும் சேத்து. டீ நான் போடறேன்னு அந்த அக்காகிட்ட சொல்லிட்டேன், நீங்க உக்காருங்கன்னு. உள்ள மெஷின் சத்தம் போடுது, நர்ஸ் கூப்புடுறாங்க, அப்புறம் வரேன்.